மாடி வாடகை, சாமி காசு

மொட்டைக்கண்ணு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "செல்வி முன்னாடி மொட்டைன்னு கூப்பிடாதம்மா, தலை நிறைய முடி வெச்சுக்கினு இருக்கேன்" என்பாய். புதுப் பெண்ணாக வந்து மூலையில் முகம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த செல்வி, அதைக் கேட்டுத்தான் இந்த வீட்டில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். பிறந்ததும் உனக்கு மூச்சு வாங்கியது. உன் நைனா மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டார். அதனால் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வருஷா வருஷம் உனக்கு முடி எடுத்தோம். தெருவே உன்னை மொட்டை என்றது. காகிதத்தில் உன் பெயர் அருணாசலம். அந்தப் பெயரை இந்த ஒரு வருஷத்தில் நான் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரியிலும் தாலுக்கா ஆபீசிலும் ஆடிட்டர் ரூமிலும்தான். ஆகவே எனக்கு அந்தப் பெயர் வேண்டாம். நீ மொட்டைதான்.

காலையில் ஆடிட்டரிடம் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் புத்தி சொல்லி எழுதுவாள். உனக்கு இனி நான் என்ன புத்தி சொல்வது? நீ சொன்ன புத்தியை நான் கேட்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஐந்தாங்கிளாசோடு நின்றவள் எழுதுவது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நம் தெருவில் மாடியில் ரூம் போட்டு வாடகைக்கு விடுகிற யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்காவது உதவும்.

நம் வீட்டு மாடி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். உன் நைனா மேஸ்திரி. ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டியவர், நம் வீட்டுக்கு மாடியில் இரண்டு ரூம் போடுவதற்குள் எனக்கு நரை விழ ஆரம்பித்துவிட்டது. செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ரூம் தேடி அலைவதைப் பார்த்துத்தான் கட்டினார். முதலில் வந்தது தொப்பிக்காரம்மா. வெயில் இல்லாத நாளிலும் தொப்பியைக் கழற்றாத அந்த அம்மா முதல் மாச வாடகையைக் கொடுத்ததும், உன் நைனா நோட்டை வாங்கி மலைப் பக்கம் திரும்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்த மலை இல்லன்னா இந்தம்மா எதுக்குடி கடல் தாண்டி வந்து நம்ம வீட்டு மாடியில படுக்கப் போவுது? இது நம்ம சம்பாத்தியம் இல்ல. சாமி காசு" என்றார். அந்தப் பௌர்ணமியிலேயே அண்டா வைத்துச் சாம்பார் சாதம் செய்து, தெருமுனையில் நின்று, மலை சுற்றுகிறவர்களுக்குப் பாக்குமட்டைத் தட்டில் போட ஆரம்பித்தோம். பிறகு ஒரு பௌர்ணமியும் தவறவில்லை. உன் நைனாவைத் தூக்கிக்கொண்டு போன மாசம்கூட அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.

அவர் போன பிறகு வீடு என் பேருக்கு வந்தது. நீ கார் ஓட்டிச் சம்பாதித்து, மேலே இன்னும் மூன்று ரூம் போட்டாய். வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீருக்கு சோலார், இன்டர்நெட். தொப்பிக்காரம்மாவே "என் ஊர்ல இவ்ளோ வசதி இல்லை" என்று மூக்கில் விரல் வைத்தது. வெளிநாட்டுக்காரர் யார் வந்து இறங்கினாலும் அன்றைக்கே பாஸ்போர்ட்டைப் படம் பிடித்துப் போலீசுக்குத் தகவல் அனுப்பிவிடுவாய். அந்த விஷயத்தில் நீ ரொம்ப பயந்தவன். வாடகை போன் வழியாக என் பேரில் உள்ள பேங்க் கணக்குக்கு வந்தது. என் கைக்குக் காசு வருவது நின்றுபோனது, ஆனாலும் நான் அதைச் சாமி காசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கல்யாணம் அதில்தான் நடந்தது. செல்விக்கு நாம் போட்ட சங்கிலி அதில்தான். பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவும் அதுதான். இரண்டு ரூம் ஐந்து ஆனது. அண்டா மட்டும் உன் நைனா வாங்கின அதே அண்டாதான். இதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை, மொட்டை. இப்போது அண்டாவைத் தேய்க்கிறபோதெல்லாம் யோசிக்கிறேன்.

தொப்பிக்காரம்மா ஒரு தடவை என்னிடம் ரசீது கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "என் ஊர்ல ஒரு ரூம் வாடகைக்கு விட்டாலும் கவர்மெண்டுக்குச் சொல்லணும் அம்மா. உங்க ஊர்ல வேணாமா?" என்றது. "எங்க ஊர்ல அண்ணாமலையார் இருக்காரு, அவர் பார்த்துக்குவாரு" என்றேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் ஏதோ பெரிய பதில் சொல்லிவிட்டவள் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்த மெசேஜ் வந்தது. நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நீ போனை எடுத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாய்.

"அம்மா, இன்கம்டாக்ஸ்லேர்ந்து மெசேஜ் வந்துக்குது. உன் அக்கவுண்டுல இவ்ளோ பணம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க."

"என்னை எதுக்குடா கேக்கறாங்க? நான் அஞ்சாங்கிளாஸ்."

"வாடகை வாங்கறதுக்கு மட்டும் பி.ஏ. படிச்சியா? வீடு உன் பேரு, அக்கவுண்ட் உன் பேரு. உன்னைத்தான் கேப்பாங்க."

"நம்ம தெருவுல யாருடா கட்டறாங்க? எல்லாரையும் விட்டுட்டு நம்மள மட்டும் இன்னா?"

"எல்லாரையும் கேப்பாங்க. நமக்கு முன்னாடி வந்துக்குது, அவ்ளோதான். வாடகைன்னு ஒத்துக்கினு கட்டிடலாம்மா."

கட்டிடலாம் என்று நீ சொன்னதும் எனக்கு ஆத்திரம் வந்தது. உன் நைனா வெயிலில் நின்று கட்டின மாடி. சாமிக்கு விட்ட காசு. அதில் யாரோ பங்கு கேட்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. புளிக் கையோடு எழுந்து, "அன்னதானத்துக்கு பக்தருங்க கொடுத்த காசுன்னு எழுதி அனுப்பு" என்றேன்.

"அம்மா, அது வாடகைம்மா."

"மாசாமாசம் சோறு போடறோமா இல்லையா?"

"போடறோம். அது வந்த காசை நாம செலவு பண்றது. வரச்சொல்லோ வாடகையாத்தானே வந்துச்சு?"

"அப்போ உங்க நைனா சொன்னது பொய்யா? சாமி காசுன்னாரே, அந்த மனுஷன் பொய் சொன்னாரா?"

நைனா பேரை எடுத்தால் நீ பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே உன்னை மடக்க என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதை எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைத்தேன். நீ போனைத் தட்டித் தட்டி எழுதினாய். "நீ சொல்லித்தான் போடறேன்" என்று சொல்லி அனுப்பினாய். அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றாய். ஜாஸ்தி இல்லை, நான் ருசி பார்த்தேன்.

அதற்கு அடுத்து வந்த மழைக்காலம். பௌர்ணமி. பின்கட்டில் கல்லடுப்பு மூட்டி நான் பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தேன். நீ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே நின்றாய். "அம்மா, ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்துடலாம், பைக்குல உட்காரு. சீக்கிரம் வந்துடலாம்" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பருப்பு கொதிக்கறது கண்ணுக்குத் தெரியல? பௌர்ணமி அன்னிக்குத்தான் உனக்கு ஊர் சுத்தணுமா?" என்றேன். நீ சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டாய். பிறகு, "சரி விடு, வந்து பேசறேன்" என்றாய். மத்தியானம் ஏர்போர்ட்டிலிருந்து கெஸ்ட்டை அழைத்து வர காரை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் கிளம்பினாய். பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தாய். என்னிடம் பொடி வைத்த மாதிரி, "அண்டா பத்திரம்" என்றாய்.

செஞ்சி தாண்டி, மழையில், ரோட்டோரம் நின்றிருந்த லாரி. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது. சாயந்திரம் தெருமுனையில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செல்வி செருப்பு இல்லாமல் ஓடி வந்தாள். எனக்கு எதிரே ஒரு பெரியவர் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். கரண்டியில் நான் எடுத்த சோறு அவர் தட்டில் விழுந்ததா, தரையில் விழுந்ததா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

உன் காரியம் எல்லாம் முடிந்து சில மாசம் கழித்து இன்கம்டாக்ஸிலிருந்து தபாலில் காகிதமே வந்தது. செல்விதான் படித்தாள், படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். இரண்டு பேரும் தேரடி வீதிப் பக்கம் ஒரு ஆடிட்டரிடம் போனோம். பொறுமையான மனுஷர். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வாடகை நூறு ரூபாய் என்றால் முப்பது ரூபாயைப் பழுது பார்க்கிறதுக்கு என்று அவர்களே தள்ளிவிடுவார்களாம். வீட்டு வரி கட்டியதையும் கழிக்கலாமாம். மிச்சத்துக்குத்தான் கணக்கு. இரண்டு ரூம் இருந்த காலத்தில் வரியே வந்திருக்காதாம். ஐந்து ரூம் ஆன பிறகும் வருஷா வருஷம் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தால் பெரிய தொகை இல்லையாம். எழுதிக் கொடுக்காததால் இப்போது வரி, அதற்கு வட்டி, அதன் மேல் அபராதம். "சோறு போட்டோமே, அதை அவங்க பார்க்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டேன். "நீங்க எதுல செலவு பண்ணீங்கன்றது அப்புறம்மா. வந்ததைச் சொல்லணும்" என்றார். நீ அடுப்படியில் நின்று சொன்ன அதே வார்த்தை.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அபராதத்துல ரெண்டு வகை இருக்குதும்மா. தெரியாம விட்டுட்டாங்கன்னா வரியில பாதி. உண்மையை மறைச்சுப் பொய் சொன்னாங்கன்னா வரியைப்போல ரெண்டு மடங்கு. பக்தருங்க கொடுத்த காசுன்னு ஒரு பதில் போயிருக்குது பாருங்க, அதுதான் இடிக்குது. இன்னார் இன்னார் வாடகைக்குத் தங்கியிருக்காங்கன்னு போலீசுக்கு உங்க வீட்டிலேர்ந்தே தகவல் போயிருக்குது, அதனால அந்தப் பதில் நிக்காது. ஆனா அந்தப் பதிலைப் போட்டது உங்க பையன். நீங்க படிக்காதவங்க. அக்கவுண்ட், போன் எல்லாத்தையும் பையன்தான் பார்த்துக்கினு இருந்தாரு, எனக்குத் தெரியாம செஞ்சுட்டாருன்னு எழுதிக் கொடுத்தா, பாதி அபராதத்தோட நிக்க வாய்ப்பு இருக்குது."

நான் செல்வி பக்கம் திரும்பினேன். அவரே, "போனவரை யாரும்மா வந்து கேக்கப் போறாங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றால், அடி அண்ணாமலையில் என் அம்மா வீட்டுச் சீராக வந்த அரைக் காணியை விற்க வேண்டும். அது பாப்பாவுக்கு என்று நீயும் நானும் வைத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள். "இன்னா யோசனை பண்றீங்க அத்தை? அவர் போய்ட்டாரு. அவரை ஜெயில்ல போடப் போறாங்களா? எழுதிக் குடுத்துடுங்க."

"பாப்பா நாளைக்கு வளர்ந்து, எங்கப்பா பொய் சொன்னவரான்னு கேட்டா இன்னாடி சொல்லுவே?"

"நிலம் எங்கேன்னு கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க? அப்பா பேரை வெச்சு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியுமா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. இருபத்தைந்து வயசு தாண்டவில்லை, அவள் கழுத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் நாங்கள் பாப்பா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். "ஆயாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாவைக் காபி ஆறிடும்னு சொல்லு." பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்து வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஆடிட்டர் பதிலை டைப் பண்ணி செல்வி போனுக்கு அனுப்பினார். எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். செல்வி வாசலில் உட்கார்ந்து படித்தாள். வீட்டு விலாசம், பேங்க், எல்லாம் கடகடவென்று படித்தாள். "எனது மகன் அருணாசலம் எனக்குத் தெரியாமல்" என்ற இடத்தில் நின்றாள். திரும்பவும் ஆரம்பித்தாள். திரும்பவும் அங்கேயே நின்றாள். போனை என் மடியில் போட்டாள். "இதை நான் படிக்க மாட்டேன் அத்தை" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா கையெழுத்து போட்டுடுங்க" என்றாள்.

எனக்குத் தெரியாமல் நீ என்ன செய்திருக்கிறாய், கண்ணு? முதல் தடவை பீடி இழுத்ததையே நீதானே வந்து சொன்னாய், நான் துடைப்பத்தை எடுப்பதற்குள்! மாடி டைல்ஸுக்குக் கலர் எடுக்கக்கூட என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். செல்வியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "உனக்குப் பிடிச்சிருந்தா எனக்குப் பிடிச்சிருக்குது" என்று பொய் சொன்னாய், அது ஒன்றுதான் நீ என்னிடம் மறைத்தது. அதையும் உன் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குத் தெரியாமல் என்று எழுதினால் அது கவர்மெண்டுக்குச் சொல்கிற பொய் மட்டும் இல்லை. நீ இந்த வீட்டில் எப்படி வாழ்ந்தாய் என்பதையே அழித்துவிடும்.

அதனால் இன்றைக்கு ஆடிட்டரிடம் போய்ச் சொன்னேன். "சார், அந்தப் பதிலை எழுதச் சொன்னது நான். அவன் வேணான்னான். வாடகைன்னு ஒத்துக்கலாம்னான். நான்தான் கேக்கல. இதை அப்படியே எழுதுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ரெண்டு மடங்கு போடுவாங்கம்மா."

"போடட்டும்."

அவர் செல்வியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடும்போது காகிதத்தின் மூலையை அவள் விரல் வைத்து அழுத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

கிளம்புகிறபோதுதான் அவர் சொன்னார். "நீங்க சொல்றது நெசம்தாம்மா. உங்க பையன் இங்க வந்திருக்காரு. போன மழைக்காலம். உங்க மனசு எப்படி இருக்குமோன்னு இத்தனை நாள் சொல்லல. தப்பா ஒரு பதில் போட்டுட்டோம் சார், அவங்க நோண்டறதுக்கு முன்னாடி நாமே திருத்திச் சொன்னா அபராதம் கம்மி ஆகுமான்னு கேட்டாரு. ஆகும், சீக்கிரம் வாங்கன்னேன். அம்மாவைக் கூட்டிக்கினு வரேன் சார், நீங்க சொன்னா கேப்பாங்க, நான் சொன்னா நைனாவை இழுத்துடுவாங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. அப்புறம் வரவே இல்ல."

எந்த நாள் வருவதாகச் சொன்னான் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை.

ஆட்டோவில் வரும்போது செல்வி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. நிலத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். காகிதம் வந்ததிலிருந்தே மாடியில் இருக்கிறவர்களுக்குச் செல்வி மாசாமாசம் ரசீது எழுதிக் கொடுக்கிறாள். முதல் ரசீதை வாங்கின தொப்பிக்காரம்மா என்னைக் கேலி செய்யும் என்று நினைத்தேன். அது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, "எதுக்குடி நீயா போய் மாட்டிக்கினே?" என்றாள். "உன் மாடி வாடகையைப் போய் எழுதிக் குடுத்துடு அக்கா, கேக்கறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் தொப்பிக்காரம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் அவளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். வருகிற பௌர்ணமிக்குச் சோறு உண்டு. வரிக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தில், சின்னப் பாத்திரத்தில்.

எல்லாம் எழுதிவிட்டேன், மொட்டை. ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாயே, நான் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உன் பின்னால் உட்கார்ந்திருந்தால், செங்கம் ரோடு ஏறினதும் வண்டியை அந்த ஆடிட்டர் இருக்கிற தேரடி வீதிப் பக்கம்தான் திருப்பியிருப்பாயா, கண்ணு?